ஏற்றியாகிவிட்டது, போய்ச் சேர்ந்ததா?

விண்ணப்பிக்கக் கடைசி நாள். மாலை ஐந்தரை மணி. பள்ளிக் கணினி அறையில் நானும் கணித ஆசிரியையும் உட்கார்ந்திருந்தோம். ஓர் உதவித்தொகைக்காக 23 மாணவர்களின் சான்றுகளைப் பதிவேற்ற வேண்டும். 22 பேருடையது ஏறிவிட்டது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் வருமானச் சான்று மட்டும் ஏற மறுத்தது. ஒவ்வொரு முறையும் சக்கரம் சுற்றும்; சிவப்பு எழுத்தில் ஒரு வரி வரும்; மறையும்.

"சர்வர் பிஸி சார். கடைசி நாள் இல்லையா, எல்லாரும் இன்னிக்குத்தான் உக்காந்திருப்பாங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல போடுங்க, ஏறிடும்" என்றார் டீச்சர். எனக்கும் சரியென்றே பட்டது. வாசலில் அந்த மாணவியின் அப்பா நின்றிருந்தார். பாலக்கோடு தக்காளி மண்டிக்கு லோடு ஓட்டுபவர். "ஏறிடுச்சுங்களா சார்?" என்று கேட்டார். "ராத்திரிக்குள்ள ஏத்திடறேங்க, நீங்க போங்க" என்று சொல்லி அனுப்பினேன்.

வீட்டுக்குப் போய், மொபைல் டேட்டாவில் மடிக்கணினியை இணைத்து, எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரை அதே கோப்பை எத்தனை முறை போட்டேன் என்று கணக்கில்லை. பதினொன்றேகாலுக்குத்தான் ஒரு கேள்வி உறைத்தது. சர்வர் பிஸி என்றால் மற்ற 22 எப்படி ஏறின? அவற்றில் நான்கு, இந்தக் கோப்புக்குப் பிறகு ஏற்றியவை ஆயிற்றே?

அப்போதுதான் சிவப்பு வரியைப் படம்பிடித்து நிதானமாகப் படித்தேன். 'இன்வேலிட் ஃபைல் நேம்' என்று இருந்தது. மற்ற 22 கோப்புகளுக்கும் நான் 01, 02 என்று எண்களால் பெயர் வைத்திருந்தேன். இந்தச் சான்று கடைசி நேரத்தில் வாட்ஸ்அப்பில் வந்தது. மாணவியின் பெயர், ஒரு புள்ளி, அடைப்புக்குறி, 'வருமானச் சான்று புதியது' என்று நீளமான தமிழ்ப் பெயரோடு வந்ததை அப்படியே போட்டிருக்கிறேன். பெயரை 17 என்று மாற்றினேன். பத்து வினாடியில் ஏறிவிட்டது.

பதில் மாலை ஐந்தரை மணியிலிருந்தே திரையில் இருந்தது. படிக்காதது நான்.

இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஏனென்றால் நம்மில் பலர் இப்படித்தான். எமிஸ், யுடைஸ், உதவித்தொகைத் தளங்கள், இன்ஸ்பயர் மானக் பரிந்துரை என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்றை எங்காவது ஏற்றிக்கொண்டே இருக்கிறோம். ஆனால் ஏறாதபோது நம்மிடம் இருக்கும் காரணம் ஒன்றே ஒன்று: சர்வர் பிஸி. வகுப்பில் ஒரு மாணவன் வகுத்தல் கணக்கைத் தவறாகப் போட்டால் 'இவனுக்குக் கணக்கு வராது' என்று விட்டுவிடுவோமா? கழித்தலில் தவறினானா, வாய்ப்பாட்டில் தவறினானா என்று படிப்படியாகப் பார்க்கிறோம். பதிவேற்றத்துக்கும் அந்தப் பொறுமையே போதும். கணினி அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் தேர்வில் தெரிவாகும் ஒரு குழந்தைக்கு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கிறது. நான்கு ஆண்டுக்கு 48,000. லோடு ஓட்டும் ஒருவர் வீட்டில் அது எவ்வளவு பெரிய தொகை என்பது நமக்குத் தெரியும். ஒரு கோப்பின் பெயரில் கிடக்கும் புள்ளிக்கும் அடைப்புக்குறிக்கும் அந்தத் தொகையை விட்டுக்கொடுக்க முடியாது.

எங்கே நின்றது?

மறுநாள் மாணவியின் அப்பாவிடம் ஏறிவிட்டது என்று சொன்னபோது அவர் ஒன்று கேட்டார்: "ஏத்தி அனுப்பிட்டாப் போதுங்களா சார்? எங்க லோடுல, அங்க இறக்கி எண்ணிப் பாத்துச் சீட்டு வந்தாத்தான் கணக்கு."

பிறகு நான் சக ஆசிரியர்களுக்கு இதை விளக்கும்போதெல்லாம் தக்காளி லோடைத்தான் சொல்கிறேன். எங்கள் பகுதியில் எல்லோருக்கும் புரியும். தோட்டத்தில் பறித்த தக்காளி பெட்டியில் அடுக்கப்படுகிறது. வண்டி சாலையில் போகிறது. மண்டி வாசலில் நிற்கிறது. உள்ளே இறக்கி எண்ணப்படுகிறது. சரக்கு போய்ச் சேரவில்லை என்றால் இந்த நான்கு இடங்களில் ஒன்றில்தான் சிக்கல். கோப்பும் அப்படித்தான். ஒன்று, கோப்பிலேயே கோளாறு. இரண்டு, இணைய இணைப்பில். மூன்று, சேவையகத்தின் வாசலில், அதாவது அதன் விதிகளில். நான்கு, உள்ளே போன பிறகு.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க நான் கையாளும் முறை எளிது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. அதே கணினியில், அதே இணைப்பில், ஏற்கெனவே ஏறிய கோப்பு ஒன்றை வேறொரு பெயரில் படியெடுத்து, ஏறாத கோப்பின் இடத்தில் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். இறுதிச் சமர்ப்பிப்பு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது ஏறினால் இணைப்பும் சேவையகமும் நன்றாக இருக்கின்றன; குறை உங்கள் கோப்பில். அதுவும் ஏறாவிட்டால் கோப்பை விட்டுவிட்டு இணைப்பை மாற்றுங்கள்; வேறு நிறுவனத்தின் சிம் உள்ள ஒருவரின் ஹாட்ஸ்பாட் போதும். அதிலும் ஏறாவிட்டால்தான் 'சர்வர்' என்று சொல்ல நமக்கு உரிமை. கோப்பு, உலாவி, இணைப்பு மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் ஒருவேளை ஏறிவிடும். ஆனால் எதனால் ஏறியது என்று தெரியாது. அடுத்த ஆண்டு அதே இடத்தில் மறுபடி நிற்போம்.

பெட்டியில் இருக்கும் கோளாறு

என் அனுபவத்தில் பாதிக்கு மேற்பட்ட சிக்கல்கள் இங்கேயே தீர்ந்துவிடுகின்றன. பார்க்க வேண்டியவை மூன்று: அளவு, வகை, பெயர்.

அளவைப் பொறுத்தவரை ஒரு சிறு கணக்கு. ஏ4 தாளை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508, அதாவது சுமார் 87 லட்சம் புள்ளிகள். வண்ணத்தில் ஒரு புள்ளிக்கு 3 பைட். சுருக்குவதற்கு முன் அது 26 எம்பி. ஜேபிஜி, பிடிஎஃப் முறைகள் அதைச் சுருக்கித்தான் சில எம்பி-க்குக் கொண்டுவருகின்றன. 300-ஐ 150 ஆக்கினால் அளவு பாதியாகும் என்று நினைப்போம். நீளமும் அகலமும் இரண்டும் பாதியாவதால் புள்ளிகள் நான்கில் ஒரு பங்காகிவிடும். பரப்பளவுப் பாடம் நடத்தும்போது இதையே எடுத்துக்காட்டாகச் சொல்லலாம், நான் சொல்லியிருக்கிறேன். வருமானச் சான்றைப் படிக்க 150 தாராளம். சான்றின் எண்ணும் முத்திரையும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று மட்டும் பெரிதாக்கிப் பார்த்துவிடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. '200 கேபி-க்குக் குறைக்க' என்று தேடினால் இலவசமாகச் சுருக்கித் தரும் இணையதளங்கள் வரிசையாக வரும். நாமும் அவசரத்தில் குழந்தைகளின் ஆதார் அட்டை, சாதிச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் அதில் போட்டுச் சுருக்குகிறோம். யாருடைய சேவையகம், எந்த நாட்டில், அழிக்கிறார்களா, வைத்திருக்கிறார்களா, ஒன்றும் தெரியாது. பெற்றோர் நம்மை நம்பிக் கொடுத்த தாள் அது. 2023-இல் வந்த எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டோரின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும்; தேவையே இல்லை என்பதுதான் என் வாதம். விண்டோஸ் கணினியில் உள்ள பெயிண்ட் மென்பொருளில் 'ரீசைஸ்' கொடுத்து, ஜேபிஜி ஆகச் சேமித்தாலே பெரும்பாலும் போதும். இணையமே வேண்டாம்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும். சில நேரம் அது வசதி. சில நேரம் முத்திரை கரைந்து போய்விடும். சுருங்காமல் வர வேண்டுமென்றால் 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்பச் சொல்லுங்கள்.

வகையில் நடக்கும் தவறு வேடிக்கையானது. தளம் பிடிஎஃப் கேட்கிறது; நம்மிடம் ஜேபிஜி இருக்கிறது. பெயரின் கடைசி மூன்றெழுத்தை மாற்றி அனுப்பிவிடுகிறோம். கத்தரிக்காய்ப் பெட்டிமேல் தக்காளி என்று எழுதி ஒட்டுவது போல. பிடிஎஃப், ஜேபிஜி போன்ற கோப்புகளின் வகை அவற்றின் பெயரில் மட்டும் இல்லை. உள்ளே முதல் சில பைட்டுகளிலேயே எழுதப்பட்டிருக்கும். பிடிஎஃப் கோப்பின் தொடக்கத்தில் சதவீதக் குறியும் பிடிஎஃப் என்ற எழுத்துகளுமே இருக்கும். கவனமான சேவையகம் அதைப் படித்துப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிடும். கவனமில்லாத சேவையகம் ஏற்றுக்கொள்ளும். அது இன்னும் ஆபத்து. அந்தப் பக்கம் திறந்து பார்க்கும் அலுவலருக்கு 'கோப்பு பழுது' என்று வரும், விண்ணப்பம் தள்ளுபடியாகும், நமக்கு மாதம் கழித்துத்தான் தெரியும். படத்தைத் திறந்து, 'பிரிண்ட்' கொடுத்து, அச்சுப்பொறி கேட்கும் இடத்தில் பிடிஎஃப் என்று தேர்ந்தெடுத்தால் உண்மையான பிடிஎஃப் கிடைக்கும். ஐஃபோன் வைத்திருக்கும் ஆசிரியர்களுக்குக் கூடுதலாக ஒன்று: அதன் கேமரா 2017 முதல் எச்இஐசி என்ற வேறு வகையில் படங்களைச் சேமிக்கிறது. அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று மாற்றிவிட்டால் ஜேபிஜி வரும்.

பெயருக்கு வருகிறேன். என்னை ஆறு மணி நேரம் அலையவிட்டது அதுதானே.

தமிழில் பெயர் வைப்பது தவறா? தவறே இல்லை, நம் கணினியில் தாராளமாக வைக்கலாம். ஆனால் ஒருங்குறியில் தமிழ் எழுத்து எப்படிச் சேமிக்கப்படுகிறது என்று தெரிந்தால் ஏன் சில தளங்கள் திணறுகின்றன என்பது புரியும். 'வருமானச் சான்று' என்பதில் நம் கண்ணுக்கு 8 எழுத்துகள். கணினிக்கு 'ரு' என்பது ர, உகரக் குறி என இரண்டு. 'ச்' என்பது ச, புள்ளி என இரண்டு. அப்படி எண்ணினால் 14 குறியீடுகள். யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 42. நடுவில் உள்ள இடைவெளிக்கு ஒன்று சேர்த்து 43. இதுவே இணைய முகவரியாக மாறும்போது ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியும் இரண்டு குறிகளுமாக விரியும். 129 குறிகள் ஆகிவிடும். லினக்ஸ் சேவையகங்களில் பொதுவாக ஒரு கோப்பின் பெயருக்கு உச்சவரம்பு 255 பைட். ஆங்கிலத்தில் 255 எழுத்து; தமிழில் 85 குறியீடு. மாணவர் பெயர், தந்தை பெயர், வகுப்பு, சான்றின் பெயர் எல்லாம் சேர்த்து எழுதினால் எளிதாகத் தாண்டிவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. 'கோ' என்பதை ஒரே ஓகாரக் குறியாகவும் சேமிக்கலாம். ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பெயரைக் குறியீடு குறியீடாக ஒப்பிடும் சேவையகத்துக்கு அவை வெவ்வேறு பெயர்கள். 'கோப்பு இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லை' என்ற விசித்திரமான புகார்களில் சிலவற்றுக்கு இது காரணம்.

எனவே என் பழக்கம்: கணினியில் வைக்கும் மூலக் கோப்புக்குத் தமிழ்ப் பெயர்; ஏற்றுவதற்கான படிக்கு எண் அல்லது சிறிய ஆங்கில எழுத்துகள் மட்டும். இடைவெளி, கூடுதல் புள்ளி, அடைப்புக்குறி, சாய்கோடு எதுவும் வேண்டாம். எந்த எண் யாருடையது என்பது பதிவேட்டில்.

கோப்பின் பெயர் சரியாக இருந்தும் உள்ளே இருக்கும் தமிழ் சிதைந்து போவதும் உண்டு. வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பை ஏற்றினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அது ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010 ஜூனிலேயே ஒருங்குறியைத் தரமாக அறிவித்துவிட்டது. இன்னும் பழைய எழுத்துருவே கைக்கு வசதி என்பவர்கள் ஏற்றுவதற்கு முன் பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்து போகும்.

யூடியூப் ஓடுதே, இது மட்டும் ஏன் ஏறவில்லை?

மலையடிவாரப் பள்ளிகளில் பணியாற்றும் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பஞ்சப்பள்ளிப் பக்கம் போனால் எனக்கே வரும் சந்தேகம். படம் தடையில்லாமல் ஓடும். ஒரு புகைப்படம் ஏறாது.

காரணம், இறங்குவதும் ஏறுவதும் ஒரே சாலை அல்ல. கோபுரத்திலிருந்து நம் கைபேசிக்கு வரும் அலை பல பத்து வாட் திறனோடு கிளம்புகிறது. நம் கைபேசி திருப்பி அனுப்புவது 4ஜி-யில் அதிகபட்சம் சுமார் 0.2 வாட். தலைமையாசிரியர் ஒலிபெருக்கியில் பேசுவது மைதானக் கோடியில் நிற்கும் மாணவனுக்குக் கேட்கும். அவன் வெறும் வாயால் சொல்லும் பதில் மேடைக்குக் கேட்காது. அதனால்தான் சிக்னல் கோடு இரண்டு இருந்தும் பதிவேற்றம் நிற்கிறது. கேபிள் வழி வரும் பல பழைய இணைப்புகளிலும் ஏறும் வேகத்தை இறங்கும் வேகத்தைவிடக் குறைவாகவே வைத்திருப்பார்கள்.

எண்ணில் பார்ப்போம். வேகத்தை பிட் கணக்கிலும், கோப்பை பைட் கணக்கிலும் சொல்வது வழக்கம். 8 பிட் ஒரு பைட். ஏறும் வேகம் வினாடிக்கு 200 கிலோபிட் என்றால், 5 எம்பி புகைப்படம் ஏற 200 வினாடி, மூன்று நிமிடத்துக்கும் மேல். அதே படத்தைச் சுருக்கி 200 கேபி ஆக்கினால் 8 வினாடி. கோப்பு ஒரே துண்டாகப் போவதில்லை; ஏறத்தாழ 1,460 பைட் கொண்ட சிறு பொட்டலங்களாகப் போகிறது. 200 கேபி-க்குச் சுமார் 140 பொட்டலம். 5 எம்பி-க்குச் சுமார் 3,600. ஒவ்வொன்றும் சேர்ந்ததற்கு எதிர்ப்பக்கத்திலிருந்து ஒப்புதல் வர வேண்டும். தொலைந்தது மறுபடி அனுப்பப்படும். ஆனால் இணைப்பே அறுந்துபோனால், நாம் பயன்படுத்தும் பெரும்பாலான படிவங்களில் விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி இல்லை. 3,500 பெட்டி இறங்கியபின் வண்டி நின்றாலும் முதல் பெட்டியிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். சிறிய கோப்பு என்பது விதிக்காக மட்டுமல்ல. சாலை மோசமாக இருக்கும்போது சிறிய வண்டிதான் போய்ச் சேரும்.

கைபேசியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து ஜன்னலோரம் உயரமாக வைத்து ஹாட்ஸ்பாட் கொடுங்கள். கான்கிரீட் சுவருக்குப் பின்னால் இருப்பதைவிட நிச்சயம் மேல். பின்னணியில் படங்களைக் கூகுளுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும் வசதியை அந்த நேரத்துக்கு நிறுத்துங்கள். உங்களுக்குத் தெரியாமல் அதே குறுகிய சாலையில் அது ஓடிக்கொண்டிருக்கும்.

வாசலில் சொல்லும் எண்கள்

சேவையகம் மறுக்கும்போது பெரும்பாலும் மூன்றிலக்க எண் ஒன்றைச் சொல்லும். இந்த எண்களின் பின்னால் நம் நாட்டவர் ஒருவர் இருக்கிறார். கான்பூர் ஐஐடி-யின் முதல் அணியில் படித்த அபய் பூஷண், அமெரிக்காவின் எம்ஐடி-யில் இருந்தபோது 1971 ஏப்ரல் 16 அன்று 'ஆர்எஃப்சி 114' என்ற ஆவணத்தை வெளியிட்டார். ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கோப்பை அனுப்பும் விதிமுறையான எஃப்டிபி-யின் முதல் வரைவு அது. வலைப்பக்கம் என்ற ஒன்றே பிறக்காத காலம். அந்த விதிமுறை வளர்ந்தபோது மூன்றிலக்க எண்ணில் பதில் சொல்லும் வழக்கம் அதில் நிலைபெற்றது. பின்னால் வந்த வலைப்பக்கங்களின் எச்டிடிபி-யும் மூன்றிலக்க எண்ணிலேயே பேசுகிறது. வலைப்படிவத்தில் 'கோப்பைத் தேர்ந்தெடு' என்ற பொத்தானுக்கான வரையறை 1995 நவம்பரில்தான் வந்தது.

வலைத்தளங்களில் முதல் இலக்கத்தை மட்டும் பார்த்தாலே போதும். 4-இல் தொடங்கினால் குறை அனுப்பியவர் பக்கம். 5-இல் தொடங்கினால் சேவையகத்தின் பக்கம். 413 என்றால் கோப்பு பெரிது. 415 என்றால் வகை ஏற்கப்படவில்லை. 401, 403 என்றால் உள்நுழைவோ அனுமதியோ இல்லை. 408 என்றால் நீங்கள் அனுப்பி முடிக்கும்வரை அது காத்திருந்து சலித்துவிட்டது. இணைப்பு மெதுவாக இருக்கிறது. 429 என்றால் குறுகிய நேரத்தில் பலமுறை அழுத்திவிட்டீர்கள். சற்று ஓய்வு கொடுங்கள். 503, 504 வந்தால்தான் டீச்சர் சொன்ன 'சர்வர் பிஸி'. அப்போது நாம் செய்யக்கூடியது காத்திருப்பது மட்டும். கரும்பு ஆலை வெட்டு உத்தரவை வரிசைப்படுத்தித் தருவது, எல்லா வண்டியும் ஒரே நாளில் வாசலில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தானே? இங்கே வெட்டு உத்தரவு தர யாருமில்லை. நாமே முன்னதாகப் போய்விட வேண்டும்.

எண்ணே சொல்லாமல் குழப்பும் வாசல்களும் உண்டு. பிஎச்பி-யில் எழுதப்பட்ட தளங்களில், அமைப்பவர் மாற்றாவிட்டால் ஒரு கோப்புக்கு 2 எம்பி, படிவம் முழுமைக்கும் 8 எம்பி என்பது வரம்பு. படிவத்தின் மொத்த வரம்பைத் தாண்டிவிட்டால் நாம் நிரப்பியது எதுவுமே அந்த நிரலின் கைக்குப் போகாது. உடனே தளம் 'பெயரை நிரப்பவும், வகுப்பை நிரப்பவும்' என்று கேட்கும். நிரப்பித்தானே அனுப்பினோம் என்று நமக்குத் தலை சுற்றும். கோப்புகளைச் சிறிதாக்கி மறுபடி அனுப்புங்கள், சரியாகிவிடும்.

அதேபோல் உள்நுழைந்தபின் நெடுநேரம் எதுவும் செய்யாமல் விட்டால் தளம் நம்மை மறந்துவிடும். பிஎச்பி-யில் இயல்பான கால அளவு 24 நிமிடம். பாதி நிரப்பிவிட்டு வகுப்புக்குப் போய் ஒரு பாடவேளை முடித்து வந்து 'அனுப்பு' அழுத்தினால் ஏன் ஏறும்? முதலில் எல்லாக் கோப்பையும் தயார் செய்து ஒரு கோப்புறையில் வைத்துக்கொண்டு, பிறகு உள்நுழைவதே நல்லது.

பள்ளிக்கென்றோ தம் பாடத்துக்கென்றோ சொந்தமாக இணையதளம் நடத்தும் ஆசிரியர்கள் எஃப்டிபி-யை நேரடியாகவே பயன்படுத்துவார்கள். அவர்களுக்கு இரண்டு வார்த்தை. அங்கே எண்களின் பொருள் சற்று வேறு: 4 தற்காலிகத் தடை, 5 நிரந்தர மறுப்பு. 530 உள்நுழைவுப் பிழை, 552 இடம் போதவில்லை, 553 பெயர் ஏற்கப்படவில்லை, 226 வந்தால் முடிந்தது. 425 என்றால் கட்டளை போகிறது, ஆனால் கோப்புக்கான இரண்டாவது இணைப்பு திறக்கவில்லை என்று பொருள். மென்பொருளில் 'பேசிவ்' முறைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். படங்கள் ஏறியும் சிதைந்து தெரிந்தால் எழுத்து முறையில் அனுப்பியிருப்பீர்கள். 'பைனரி' முறைக்கு மாற்றுங்கள். விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பொருட்டில்லை; லினக்ஸ் சேவையகத்தில் அவை வெவ்வேறு கோப்புகள். பழைய எஃப்டிபி கடவுச்சொல்லை மறைக்காமலே அனுப்பும்; 2021-இல் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் அதைக் கைவிட்டுவிட்டன. எஸ்எஃப்டிபி பயன்படுத்துங்கள்.

எண்ணிப் பார்த்துச் சீட்டு

100 சதவீதம் என்று காட்டியதும் பலர் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். அந்த நூறு, நம் பக்கத்திலிருந்து எல்லாம் கிளம்பிவிட்டது என்பதற்கு மட்டுமே சாட்சி. அதன்பின் சேவையகம் கோப்பைச் சோதித்து, சரியான இடத்தில் வைத்து, விண்ணப்பத்தோடு இணைத்து, 'சேர்ந்தது' என்று சொல்ல வேண்டும். அந்த வரி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்; இன்னொரு முறை அழுத்தாதீர்கள்.

வந்த பிறகும் ஒரு வேலை இருக்கிறது. வெளியேறி, மறுபடி உள்நுழைந்து, ஏற்றிய கோப்பைத் தளத்திலிருந்தே திறந்து பாருங்கள். சென்ற ஆண்டு இப்படிப் பார்த்தபோதுதான் ஒரு மாணவனின் வங்கிப் புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுப் பக்கம் இருந்தது தெரிந்தது. ஸ்கேன் செய்யும்போது தாளைத் திருப்பி வைத்திருக்கிறோம். தளம் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டிருந்தது. அதற்கு அது நல்ல பிடிஎஃப். இன்னொரு முறை 9-ஆம் எண்ணும் 6-ஆம் எண்ணும் இடம் மாறி, இருவர் சான்றும் ஒருவர் மாற்றி ஒருவருக்குப் போயிருந்தது. எந்தப் பிழை எண்ணும் இதைச் சொல்லாது. கண்ணால் பார்ப்பது ஒன்றே வழி. 23 பேருக்கு எனக்கு 40 நிமிடம் ஆனது.

இப்போது எங்கள் பள்ளியில் இதற்கென்று ஒரு நீளக் குறிப்பேடு இருக்கிறது. எண், மாணவர் பெயர், ஏற்றிய நாள், விண்ணப்ப எண், 'திறந்து பார்த்தேன்' என்பதற்கு ஒரு கட்டம், பிழை வந்தால் அந்த வரி அப்படியே. பொறுப்பாசிரியர் மாறுதலில் போனாலும் குறிப்பேடு பள்ளியிலேயே இருக்கும். பிழை வந்தால் திரையைப் படம்பிடித்து நேரத்தோடு வைத்துக்கொள்கிறோம். உண்மையிலேயே சேவையகக் கோளாறு என்றால் உதவி எண்ணுக்கோ வட்டார வள மையத்துக்கோ 'ஏறல சார்' என்று சொல்வதற்குப் பதில் அந்தப் படத்தை அனுப்பலாம். பதில் விரைவாக வருகிறது. கடைசி நாளுக்கு நான்கு நாள் முன்பே முடிப்பது என்று தீர்மானித்திருக்கிறோம். இரண்டு முறை முடிந்தது, ஒரு முறை முடியவில்லை. வருமானச் சான்று தாமதமாக வரும் வீடுகளை இணையத் திறமையால் சரிசெய்ய முடியாது. அதற்காக இப்போது ஜூலையிலேயே பெற்றோருக்குச் சொல்லத் தொடங்கியிருக்கிறோம்.

குறிப்பேட்டில் 17-ஆம் வரிசையில் அந்த மாணவியின் விண்ணப்ப எண் இருக்கிறது. மறுநாள் அவள் அப்பா கேட்ட பிறகுதான் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். முத்திரை தெளிவாகத் தெரிந்தது. அச்செடுத்து அவர் கையில் கொடுத்தேன். மடித்து வண்டிச் சாவியோடு சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மண்டிக்குக் கிளம்பினார்.